ஆற்றைக் கடந்து வந்த கேமரா: பிரெடெரிக்ஸ்பர்க் பழைய நகரைப் படமெடுத்த வேலை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சின்ன ஊரின் பழைய கடைத்தெருவைப் படமெடுக்கக் கிளம்பினால் கால் தானாகவே மணிக்கூண்டுப் பக்கம் போய்விடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு தெருவை முழுசாக எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வெகுநாள் கழித்து அந்தக் கோப்புகளைத் திறந்தேன். மணிக்கூண்டு மட்டும் ஏழெட்டுக் கோணத்தில் இருந்தது. அதற்கு எதிரே இருந்த மாடிக் கட்டடம் அதற்குள் இடிக்கப்பட்டிருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் அதன் ஒரு ஜன்னல்தான். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வேலையை உருப்படியாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடினேன். கிடைத்ததில் எனக்கு அதிகம் உதவியது ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வேலை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பிரெடெரிக்ஸ்பர்க் என்ற சிறு நகரத்தையும், ஆற்றுக்கு அக்கரையில் சற்று மேலே இருக்கும் பழைய ஃபால்மத் ஊரையும் பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற பெண் புகைப்படக் கலைஞர் 1927 முதல் படமெடுத்தார். அந்த வேலையில் வியக்க நிறைய இருக்கிறது. சண்டை போடவும் கொஞ்சம் இருக்கிறது.

ஊர்

பிரெடெரிக்ஸ்பர்க் 1728-ல் ரப்பஹானக் ஆற்றங்கரையில் உருவானது. ஆற்றில் பாறைகளும் வேக ஓட்டமும் தொடங்கும் இடம் அது. கப்பல் அதற்கு மேல் போக முடியாது. அதனால் அங்கே சரக்கு இறங்கியது, கிடங்குகள் வந்தன, கடைகள் வந்தன. வாஷிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் நட்டநடுவில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தெருப் பெயர்கள் பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பெயர்கள்: கரோலின், சோபியா, பிரின்சஸ் ஆன், சார்லஸ், வில்லியம், அமேலியா. சுதந்திரப் போரில் அரசனை விரட்டியவர்கள் அவன் வீட்டுப் பெயர்களைத் தெருவில் அப்படியே விட்டுவைத்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

1807-ல் பெரிய தீ விபத்து ஒன்று ஊரின் ஒரு பெரும் பகுதியை எரித்தது. கடைத்தெருவில் இன்று நாம் பார்க்கும் பழைய செங்கல் கட்டடங்களில் பல அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை. அப்புறம் 1862 டிசம்பர். உள்நாட்டுப் போர். வடக்குப் படை ஆற்றின் அக்கரையில் ஸ்டாஃபர்ட் மேடு என்ற உயரமான இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை நிறுத்தி ஊரைச் சுட்டது. படகுப் பாலம் போட்டு இறங்கி, தெருத் தெருவாகச் சண்டை போட்டது. ஊர் கொள்ளையும் போனது.

அந்தப் போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட பிரெடெரிக்ஸ்பர்க் படங்களில் நல்ல பங்கு அக்கரையிலிருந்து எடுத்தவை. காரணம் எளிது. ஊர் எதிரியின் கையில் இருந்தது. படமெடுத்தவர்கள் வடக்குப் படையோடு வந்தவர்கள். ஈரத் தகடு முறை வேறு. தகட்டில் பூசியது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும், அதற்கு வண்டியிலோ கூடாரத்திலோ இருட்டறை பக்கத்திலேயே நிற்க வேண்டும். 1863 மே மாதம் ஊருக்குப் பின்னாலிருக்கும் கற்சுவர் வரை ஆண்ட்ரூ ரஸ்ஸல் கேமராவோடு போனார். 1864 மே மாதம் ஊரே காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனையாக மாறியபோது தெருக்களுக்குள்ளும் கேமரா வந்தது. ஆனாலும் அந்தக் காலத்துப் பிரெடெரிக்ஸ்பர்க் என்றால் கண்ணில் நிற்பது ஆறு, உடைந்த ரயில் பாலம், அதற்கு அப்பால் தூரத்தில் ஒரு கூரை வரிசையும் தேவாலயக் கோபுரங்களும்தான். கதவு எப்படி இருந்தது, கடைக்குள் ஏற எத்தனை படி என்பதெல்லாம் அந்தத் தூரத்திலிருந்து தெரியாது.

ஆள்

ஜான்ஸ்டன் 1864-ல் பிறந்தவர். பாரிஸில் ஓவியம் படித்தார். அவருடைய முதல் கேமராவை ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஸ்மித்சோனியனில் தாமஸ் ஸ்மைலியிடம் தொழில் கற்றுக்கொண்டு, வாஷிங்டனில் சொந்த ஸ்டூடியோ வைத்தார். குடியரசுத் தலைவர்களைப் படமெடுத்தார், சுரங்கத் தொழிலாளர்களை எடுத்தார், பள்ளிப் பிள்ளைகளை எடுத்தார். 1899-ல் கறுப்பின மாணவர்கள் படித்த ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் அவர் எடுத்த படங்கள் 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போயின. அதற்கடுத்து வீடுகளும் தோட்டங்களும். 1910களில் நியூயார்க்கில் மேட்டி எட்வர்ட்ஸ் ஹியூவிட் என்பவரோடு சேர்ந்து கட்டடப் படத் தொழில் நடத்தினார்.

பிரெடெரிக்ஸ்பர்க் வேலை தொடங்கியபோது அவருக்கு வயது 63. பலர் ஓய்வுக்குப் போகும் வயதில் அவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வேலைக்குள் நுழைகிறார் என்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

வேலை எப்படி வந்தது

ஸ்டாஃபர்ட் மேட்டில், பீரங்கிகள் நின்ற அதே உயரத்தில், சாத்தம் என்ற பெரிய செங்கல் மாளிகை ஒன்று இருக்கிறது. வில்லியம் ஃபிட்ஸ்ஹ்யூ 1768-க்கும் 1771-க்கும் இடையில் கட்டியது. போரில் வடக்குப் படையின் தலைமையிடமாகவும் மருத்துவமனையாகவும் இருந்து நாசமானது. 1920களில் டெவோர் தம்பதி அதை வாங்கிப் புதுப்பித்தார்கள். தோட்டத்தை எலன் பிடில் ஷிப்மன் வடிவமைத்தார். தோட்டப் படங்களுக்குப் பேர்போன ஜான்ஸ்டனை ஹெலன் டெவோர் 1927-ல் அழைத்தார். அழைத்தது வீட்டையும் தோட்டத்தையும் எடுக்க மட்டும்தான்.

பிறகு வேலை ஆற்றைக் கடந்தது. ஊரின் பழைய கட்டடங்களையும் எடுக்கலாம் என்று முடிவாகி, அதற்கும் ஹெலன் டெவோரே செலவை ஏற்றார். 1863-ல் ரஸ்ஸலின் கேமரா ஊரை நோக்கி நின்ற அதே கரையிலிருந்துதான் இந்தக் கேமராவும் புறப்பட்டது. இந்த முறை அது கீழே இறங்கி, பாலத்தைத் தாண்டி, கதவுப் படி வரைக்கும் போனது.

யார் பணம் கொடுத்தார்கள் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு மாளிகைக்காரரின் ஆர்வம் ஊரை நோக்கித் திரும்பியதால் பிறந்த வேலை இது. அரசு கேட்கவில்லை, நகராட்சி கேட்கவில்லை. அதனால் சீக்கிரம் முடிந்தது. அதே காரணத்தால் எதைப் பழையது என்று கொள்வது என்ற கேள்வியும் ஒரு குறிப்பிட்ட ரசனையின் வழியாகவே தீர்ந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

முடிவில் ஏறக்குறைய 250 படங்கள் கொண்ட ஒரு கண்காட்சி வந்தது. அதன் தலைப்பும் விளக்கமும் மிக நீளம். பழைய பிரெடெரிக்ஸ்பர்க், பழைய ஃபால்மத், அக்கம்பக்கம். மரபுப்படி குடியேற்றக் காலத்திலிருந்து சுமார் 1830 வரையிலான கட்டடங்கள். வரலாற்றுப் பதிவாகவும், ஒரு பழைய வர்ஜீனியா ஊரின் சூழலில் கொஞ்சத்தையாவது காப்பாற்றி வைக்கவும் எடுத்தவை என்று போகிறது அது. இந்த நீளத் தலைப்பில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பதிவு வேண்டும், சூழலும் வேண்டும். தெருவில் கேமராவோடு நின்றால் இவை இரண்டும் உங்களை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்.

தெருவில் கேமரா

பதிவு என்றால் முகப்புக்கு நேரே நிற்க வேண்டும். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழ வேண்டும். நிழல் எதையும் விழுங்கக் கூடாது. சூழல் என்றால் நேரம், வெயில், ஈரம், ஒரு மரத்தின் நிழல் சுவரில் விழுவது. அந்த நிழலே கதவுச் சட்டத்தின் வேலைப்பாட்டை மறைத்துவிடும்.

ஜான்ஸ்டன் கையாண்டது முக்காலியில் நிற்கும் பெரிய தகட்டுக் கேமரா. இதில் லென்ஸ் பலகையைத் தனியாக மேலே உயர்த்தலாம். இந்த ஒரு வசதி கட்டடப் படத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். எட்டுக்குப் பத்து அங்குலத் தகட்டைப் படுக்கவாட்டில் வைத்து, 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, கட்டடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் ஏறக்குறைய 17 மீட்டர் அடங்கும். இரண்டு கடை முகப்புக்குத் தாராளம். உயரத்தில் 13 மீட்டருக்கு மேல் அடங்க வேண்டும். ஆனால் கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நேராகப் பார்க்கிறது. ஆகவே படத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் வெறும் ரோடு. மேலே 8 மீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். மூன்று மாடிக் கட்டடம் 11 மீட்டர் என்றால் கூரை போச்சு.

கேமராவை அண்ணாந்து பார்க்கச் சாய்த்தால் கூரை கிடைக்கும். கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் ஆகிவிடும். லென்ஸை மட்டும் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும். கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாகவே இருக்கும், கோடுகள் நேராக நிற்கும், கூரை உள்ளே வந்துவிடும், ரோடு குறையும். இன்றைய ஷிப்ட் லென்ஸ் செய்வதும் இதையேதான். அது இல்லாதவர்கள் அகலக் கோண லென்ஸ் போட்டு, கேமராவைச் சாய்க்காமல் எடுத்து, கீழே மிஞ்சும் ரோட்டை வெட்டிவிடலாம். மெகாபிக்சல் கொஞ்சம் வீணாகும். கணினியில் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. நிமிர்த்தலாம்தான். ஆனால் மேல்மாடி ஜன்னல்கள் இழுபட்டு உயர அளவு மாறிவிடும், அந்தப் படத்தை வைத்து யாராவது ஜன்னலைத் திரும்பச் செய்யப் பார்த்தால் தப்பாகப் போகும். படத்துக்குள்ளேயே ஓர் அளவுக் கோலை நிறுத்திவிடுவது இதற்குப் பழைய தீர்வு.

அடுத்தது வெயில். பிரெடெரிக்ஸ்பர்க்கின் முக்கியத் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக, ஏறக்குறைய வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. அதனால் ஆற்றைப் பார்த்த முகப்புகளுக்குக் காலை வெயில், ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் முகப்புகளுக்கு மதியத்துக்கு மேல் வெயில். ஒரே தெருவின் இரண்டு பக்கத்தையும் ஒரே நடையில் எடுத்தால் ஒரு பக்கம் கருத்துப்போகும். கரோலின் தெருவை எடுப்பவர் அதை இரண்டு தெருக்களாக நினைத்துக்கொண்டு இரண்டு வேளை வரவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் முழுசாக வீணானது. ஒரு வரைபடத்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பருவமும் உண்டு. இந்த ஊர் வடக்கு அட்சரேகை 38 பாகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சி வெயிலே 28 பாகை உயரம்தான். ஜூன் கடைசியில் 75 பாகை. பத்து மீட்டர் கட்டடத்தின் நடுப்பகல் நிழல் கோடையில் மூன்று மீட்டர்கூட வராது, குளிர்காலத்தில் 18 மீட்டரைத் தாண்டிவிடும். கோடை வெயில் தலைக்கு மேலிருந்து விழுவதால் கூரை விளிம்பின் நிழல் முகப்பின் மேல்பகுதியைக் கறுப்பாக்கும். குளிர்கால வெயில் தாழ்வாக, முகத்தில் நேரே அடிக்கும், மரத்தில் இலையும் இருக்காது. ஆனால் எதிர்வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவைக் கடந்து வந்து ஏறிவிடும். எனக்குப் பிடித்தது இலை உதிர்ந்து முடிந்த பிறகு வரும் வாரங்களும், துளிர்ப்பதற்கு முந்தைய வாரங்களும். செங்கல் அடுக்கும் முறையைக் காட்ட வேண்டுமென்றால் வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக ஓடும் அரைமணி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். நீளச் செங்கலும் தலைச் செங்கலும் மாறி மாறி வரும் பழைய வர்ஜீனியாச் சுவர்களில் அந்த அரைமணி நேரம் பெரிய வித்தியாசம் காட்டும்.

செங்கல் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புச் செங்கல் அதில் கருத்துப்போகும், வெள்ளை பூசிய மரச்சட்டங்கள் பளிச்சென்று நிற்கும். இன்றைக்கு வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை ஏற்றினால் சுவர் வெளுத்துவிடும், நீலத்தை ஏற்றினால் அந்தப் பழைய தோற்றம் வரும். அழகுக்காகச் செய்யலாம். பதிவு வேலையில் வண்ணக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எதை எடுத்தார்

இங்கேதான் ஜான்ஸ்டனை நான் மதிக்கத் தொடங்கினேன். பிரெடெரிக்ஸ்பர்க்கில் பெயர்பெற்ற கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் தங்கை பெட்டி வாழ்ந்த கென்மோர் மாளிகை இருக்கிறது. தாயார் மேரிக்காக வாஷிங்டன் 1772-ல் வாங்கிக்கொடுத்த வீடு இருக்கிறது. 1789-ல் இறக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார். இந்த ஊரில் வாஷிங்டன் பெயரை வைத்தே ஒரு கண்காட்சியை முடித்துவிடலாம். ஜான்ஸ்டன் அப்படி முடிக்கவில்லை. சிதிலமடைந்த மாளிகைகளிலிருந்து ஏழைகளின் குடிசைகள் வரை எடுத்தார்.

சின்னக் கட்டடங்களை எடுப்பது கருணையால் என்று நினைக்க வேண்டாம். கணக்குப்படியே அது சரியான முடிவு. பெரிய மாளிகையைக் காப்பாற்ற ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். கென்மோருக்கு 1922-லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. கிடங்கும், சமையற்கூடமும், ஒற்றை அறை வீடும் ஒரு மழைக்காலத்தில் காணாமல் போகும், யாரும் செய்தி எழுத மாட்டார்கள். இருபது படம்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் நின்றால் பதினைந்தை அவற்றுக்குக் கொடுப்பேன்.

அந்த வருடங்களைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு. அதே வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் ஊரைக் கோடீஸ்வரர் ராக்பெல்லரின் பணத்தில் குடியேற்றக் காலத்துக்கே திருப்பிக் கொண்டுபோகும் பெரிய வேலை அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது. 1927-ல் பிரெடெரிக்ஸ்பர்க் போர்க்களங்களைப் பூங்காவாக்கும் சட்டமும் வந்தது. பழமைக்கு மவுசு கூடிய நேரம். மவுசு கூடினால் பூச்சு வேலைக்காரர்களும் வருவார்கள். சுவரைச் சுரண்டி, ஜன்னலை மாற்றி, பின்னால் சேர்ந்ததை எல்லாம் இடித்து, கட்டடத்தை ஒரே ஒரு வருடத்துக்குத் திருப்புவார்கள். அதற்கு முன் கட்டடம் எப்படிக் கிடந்தது என்பதை, விரிசலும் ஒட்டுப்போட்ட பலகையுமாக, ஜான்ஸ்டன் படங்கள் வைத்திருக்கின்றன. புதுப்பித்த பிறகு எடுத்த படங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

1830 என்ற கோடு

இனி சண்டை. சுமார் 1830-க்குப் பிறகு கட்டியது இந்தத் திட்டத்தில் சேராது. ஏன் 1830? குடியேற்றக் காலமும் அதை ஒட்டிய ஆரம்பக் குடியரசுக் காலமும்தான் பழமை, அதற்குப் பின் வந்தது வெறும் பழசு என்று நினைத்த தலைமுறை அது. பிரின்சஸ் ஆன் தெருவில் 1852-ல் ஜேம்ஸ் ரென்விக் கட்டிய நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைக் கட்டிய அதே ரென்விக். ஜான்ஸ்டன் காலத்தில் அதற்கு வயது 75 ஆகியிருந்தது. இந்த வரையறைக்குள் அதற்கு இடமில்லை.

கடைத்தெரு என்று வந்தால் இந்தக் கோடு இன்னும் மோசம். மாளிகை ஒரே காலத்தில் நிற்கும், கடை நிற்காது. மேல்மாடி 1810களில் கட்டியதாக இருக்கும். கீழே கடை முகப்பை மூன்று தலைமுறை வியாபாரிகள் மூன்று தடவை மாற்றியிருப்பார்கள், கண்ணாடி பெரிதாகியிருக்கும், வெயில் மறைப்பு வந்திருக்கும், விளம்பர எழுத்து ஏறியிருக்கும். எந்த வருடத்துக் கட்டடம் என்று கேட்டால் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பதில். 1830 வரை என்று வைத்துக்கொண்டு அதை எடுத்தால் கண் மேலே போய்விடும், கீழே வியாபாரம் நடக்கும் பகுதி படத்துக்குக் குறுக்கே நிற்கும் தொந்தரவாகத் தெரியும். ஆனால் கடைத்தெரு என்பது அந்தக் கீழ்ப்பகுதிதானே.

ஆட்களும் அப்படித்தான். ஜான்ஸ்டனின் கட்டடப் படங்களில் பெரும்பாலும் தெரு காலியாக இருக்கும். ஹாம்ப்டனில் மாணவர்களை அவ்வளவு கவனமாக எடுத்தவருக்கு மனிதர்களை எடுக்கத் தெரியாமல் இல்லை. சூழலைக் காப்பாற்றுவது என்றால் நூறு வருடத்துக்கு முந்தைய அமைதியைக் காட்டுவது என்று அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது. அதனால் 1920களின் பிரெடெரிக்ஸ்பர்க்கில் யார் வாழ்ந்தார்கள், அந்தக் குடிசைகளில் சமைத்தது யார் என்று கேட்டால் பதில் சுவரில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கார்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். விடியற்காலையில் போனால் கார் இருக்காது, காலியான தெரு கிடைக்கும், அழகாக இருக்கும். ஒரு சுற்று அப்படி எடுங்கள். இன்னொரு சுற்று கார்களோடும் கூட்டத்தோடும் எடுங்கள். முப்பது வருடம் போனால் படத்தைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது காரைத்தான், அதை வைத்துத்தான் வருடத்தைக் கண்டுபிடிப்பார்.

பெயர் வைப்பது

கண்காட்சித் தலைப்பில் இருந்த மரபுப்படி என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். கட்டடத்தின் வயதை ஊரார் சொன்னபடி எழுதியிருக்கிறோம், ஆவணம் பார்த்துச் சொல்லவில்லை என்ற ஒப்புதல் அது. நேர்மையான சொல்தான். ஆனால் ஊரார் வாயில் பெயர்கள் எப்படி மாறும் என்பதற்கு அதே ஊரில் ஓர் உதாரணம் இருக்கிறது.

கரோலின் தெருவில் ரைசிங் சன் டாவர்ன் என்று ஒரு மரக் கட்டடம். சுமார் 1760-ல் வாஷிங்டனின் தம்பி சார்லஸ் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. 1792-ல்தான் அது விடுதியானது, அப்போது அதன் பெயர் கோல்டன் ஈகிள். ரைசிங் சன் என்ற பெயர் ஊரிலிருந்த வேறொரு விடுதியுடையது. 1900களின் தொடக்கத்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்று இதை வாங்கியபோது பெயர் தவறுதலாக ஒட்டிக்கொண்டது, இன்று வரை போகவில்லை. படத்தின் கீழே வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எதிர்காலத்தில் ஒருவர் அந்தப் படத்தை வேறொரு கட்டடத்தின் கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

அதனால் படக்குறிப்பில் பெயரைக் கடைசியில் போடுவேன். முதலில் தெரு, எந்தக் குறுக்குத் தெருவுக்கும் எதற்கும் நடுவில், எந்தப் பக்கம், கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, தேதி, நேரம். அப்புறம்தான் ஊரார் சொல்லும் பெயர், யார் சொன்னது என்பதோடு சேர்த்து. செல்போனில் இடக்குறியீடு தானாக ஏறும்தான். அது கேமரா நின்ற இடம், கட்டடம் நிற்கும் இடம் கிடையாது. நெருக்கமான தெருவில் அது எதிர்வரிசையைக் காட்டிவிடும்.

அதற்குப் பிறகு நடந்தது

பிரெடெரிக்ஸ்பர்க் படங்கள் அந்த ஊரோடு நிற்கவில்லை. 1930-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆரம்பகால அமெரிக்கக் கட்டடக்கலைக்கு ஒரு படக் காப்பகத்தைத் தொடங்கியது. 1933-ல் கார்னகி நிறுவனத்தின் நிதியோடு ஜான்ஸ்டன் வர்ஜீனியா முழுவதும் சுற்றத் தொடங்கினார். அது தெற்கின் ஒன்பது மாநிலங்களுக்குப் பரவியது. ஏறக்குறைய 1,700 கட்டடங்களும் இடங்களும், ஏறக்குறைய 7,100 படங்கள். எல்லாம் காங்கிரஸ் நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. 1945-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. 1952-ல் நியூ ஆர்லியன்ஸில், 88 வயதில் இறந்தார்.

அதே 1933-ல்தான் சார்லஸ் பீட்டர்சன் என்ற கட்டடக் கலைஞர், வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களை வைத்துப் பழைய கட்டடங்களை வரைந்தும் படமெடுத்தும் வைக்கலாம் என்று தேசியப் பூங்காத் துறைக்கு எழுதினார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் பிறந்த அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. பெரிய அளவு ஃபிலிம், கறுப்பு வெள்ளை, 500 வருடம் நிற்க வேண்டும் என்பது அதன் விதி. என் வன்தட்டு ஒன்று மூன்றே வருடத்தில் செத்துப்போன நாளில் இந்த 500 என்ற எண் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பும் வந்தது.

ஊரிலும் வேலை நடந்தது. 1955-ல் பழைய கட்டடங்களைக் காக்க ஓர் அமைப்பு உருவானது. 1971-ல் பழைய நகரப் பகுதி மொத்தமும் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது. படங்கள்தான் இதையெல்லாம் செய்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவை மொத்தமாகப் பார்க்கும் பழக்கம், மாளிகையோடு கிடங்கையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம், 1920களின் முடிவிலேயே அந்த ஊர்க்காரர்கள் முன் கண்காட்சியாக விரிந்தது.

வில்லியம் தெருவும் சார்லஸ் தெருவும் சந்திக்கும் மூலையில், நடைபாதையில், அடிமை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு கல் நின்றது. மனிதர்களை விற்ற இடத்தின் அடையாளம். அது அங்கேயே இருக்க வேண்டுமா, எடுத்துவிட வேண்டுமா என்று ஊரில் வருடக்கணக்கில் வாதம் நடந்து, நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். கல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது எந்த ஜன்னலுக்குக் கீழே நின்றது, கடைக்குள் நுழைகிறவர் அதை எவ்வளவு நெருக்கமாகக் கடந்தார், மழை நாளில் அதைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதை அருங்காட்சியகக் கூடத்தில் பார்க்க முடியாது. அதற்கு அந்த மூலையை, கல்லோடும் கடையோடும் கடந்துபோகிற ஆட்களோடும் சேர்த்து, சற்றுத் தள்ளி நின்று எடுத்த படங்கள் வேண்டும். கல்லை மட்டும் நெருங்கி நின்று எடுத்தால் அது தெரியாது.